கேத்தோடு ஆறும் முன்

என் சலீம் அண்ணா,

நம் எஞ்சினை நேற்று விண்கலத்தில் பொருத்திவிட்டார்கள். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அடுத்த வாரம் படப்பையிலிருந்து ஏவுதளத்துக்கு லாரியில் ஏற்றுகிறார்கள். அதன் பிறகு யாரும் தொட முடியாது.

ஒரு பஸ் டிக்கெட்டை உள்ளங்கையில் வைத்தால் எவ்வளவு அழுத்துமோ, இந்த அயனி எஞ்சினின் பலம் அவ்வளவுதான் என்று ஜரீனா அண்ணியிடம் சொல்லிச் சிரிப்பீர்களே, நினைவிருக்கிறதா? செனான் வாயுவை மின்சாரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் விரட்டி, வருஷக்கணக்கில் ஓடித்தான் அது அந்தச் சிறுகோளைப் பிடிக்க வேண்டும். நடுவழியில் நின்றால் போய்த் தள்ளிவிட ஆள் கிடையாது.

அந்தக் கடைசிச் சோதனை நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எஞ்சினைப் பற்றவைக்கும் கேத்தோடு, அணைத்த பிறகு ஆற மூன்று மணி நேரமாகும். அதுவரை வெற்றிடச் சேம்பருக்குள் காற்று விடக் கூடாது. சூட்டில் காற்றுப் பட்டால் உள்பூச்சு கெட்டுவிடும். காற்று வால்வைத் திறப்பவரே நேரத்தை எழுதிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அன்று பன்னிரண்டரைக்கு அணைத்தோம். சற்று நேரத்தில் நீங்கள் நெஞ்சைத் தடவிக்கொண்டு எழுந்தீர்கள்.

"மூச்சு ஒரே பேஜாரா கீதுமா, வூட்டுக்குப் போறேன். கையெழுத்து போட்டுட்டேன், நேரத்த மட்டும் நீ எழுதிக்கோ."

"நான் பாத்துக்கறேன் அண்ணா, நீங்க மொதல்ல டாக்டரப் பாருங்க" என்றேன்.

பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். ஒன்றரைக்கு மேடவாக்கத்தில் என் வீட்டு வாசலிலிருந்து தண்ணி லாரிக்காரர் போன். "லாரி கேட்டாண்ட நிக்குதுக்கா. வர்றியா, வேற வூட்டுக்கு ஊத்திக்கினு போவட்டா?" இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லாத வீடு. வால்வைத் திறந்துவிட்டு, உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் மூன்றரை என்று எழுதிவிட்டு ஓடினேன்.

மறுநாள் காலை நீங்கள் இல்லை. அந்த வாரமே எஞ்சினை மறுபடி ஓட்டிப் பார்த்தோம். பற்றிக்கொண்டதே என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் பற்றியது, அண்ணா. ஏன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அங்கே போய்ப் பற்றாவிட்டால்? பதிவேட்டைப் புரட்டுவார்கள். அதில் இருப்பது உங்கள் பெயர்தானே?

இன்று உங்கள் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆபீஸில் அந்தப் பக்கத்தை நகலெடுத்து, சட்டம் போட்டு, உங்கள் கடைசிக் கையெழுத்து என்று அண்ணிக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஹாலில் மாட்டியிருக்கிறார்.

"அவரு ரெண்டு மணிக்கே வந்து படுத்துட்டாரே. இதுல மூணரைன்னு இருக்கே, ஏம்மா?" என்று கேட்டார்.

"கடிகாரம் கெட்டிருக்கும் அண்ணி" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எனக்கு இன்னும் கொஞ்சம் நெய்ச்சோறு வைத்தார்.

நாளை மேனேஜரிடம் சொல்லிக் கேத்தோடை மாற்றச் சொல்வேன். வேலை போகலாம். ஏவும் நாளே தள்ளிப்போகலாம். ஆனால் போகும் வழியில் ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கி, முதலில் அண்ணியிடம் சொல்வேன். கேட்டவர் அவர் ஒருவர்தான். இது சத்தியம், அண்ணா.

பயம் தீராத உங்கள் தங்கச்சி,
கல்பனா