உனக்கு மட்டும் மின்னிய திரை

அண்ணா,

நேற்று அலுவலகத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கத் திறந்தார்கள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் சூடேறிய தூசியின் வாசனை வந்தது. கருகிய முடியும் வெயிலில் கிடந்த சாக்கும் கலந்தது போன்ற வாசனை. நான் எழுந்து வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். குரோம்பேட்டையில் நாம் வாடகைக்கு இருந்த மாடி வீட்டின் முன்னறையில், அந்தக் கோடை முழுவதும் இந்த வாசனைதான்.

நீ கூரியர் கம்பெனி பையோடு பைக்கில் சுற்றிக்கொண்டிருந்தாய். நான் காலேஜில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். என் படிப்புக்கென்று வாங்கிய கம்ப்யூட்டரில் நீ ஒரு கிராபிக்ஸ் கார்டைக் கொண்டுவந்து செருகினாய். யாரோ ஓட்டித் தேய்த்த பழைய கார்டு. "இது இருந்தா உன் புராஜெக்ட் ஸ்பீடா ஓடும்டி" என்று அம்மா காதில் விழும்படி சொன்னாய். அம்மா தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "அவ புராஜெக்ட்ல எதுக்குடா துப்பாக்கிச் சத்தம் கேக்குது?" என்றாள்.

பாழடைந்த நகரம் ஒன்றில் துப்பாக்கியோடு தெருத் தெருவாக நுழையும் கம்ப்யூட்டர் ஆட்டம் அது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் உட்காருவாய். கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு கட்டடங்களின் மேல் கோடு கோடாக விழும். திரை மின்னி மின்னி அடங்கும். அப்படியே உறைந்து நின்றுவிடும். "இன்னாடி இது, பேஜாரு" என்று என்னைக் கூப்பிடுவாய்.

கார்டைக் கழற்றிப் பார்த்தேன். தொட்ட விரல் சுட்டது. அதன் மேலிருந்த சின்ன விசிறி தூசி அடைத்துச் சுற்றாமல் நின்றிருந்தது. பெயின்ட் பிரஷால் தட்டி, அம்மாவின் மிஷின் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டதும் சுற்றியது. சூட்டை வெளியே கடத்துவதற்காகச் சிப்பின் மேல் பூசியிருந்த பேஸ்ட், காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. நீ புது பேஸ்ட் வாங்கி வந்தாய். சுரண்டித் துடைத்துப் பூசினேன். கேபினெட்டின் பக்கத்தைத் திறந்தே வைத்து டேபிள் ஃபேனையும் அதன் பக்கம் திருப்பினோம். "பெத்தவளுக்கு இல்லாத காத்து அதுக்கு" என்று அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அது நிற்கவே இல்லை. சாயங்காலம் வரை ஓடியது. தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான். கோடும் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"இன்னும் மின்னுதுடி" என்றாய்.

"எங்க?"

"லெஃப்ட்ல, ஓரத்துல. கலர் கலரா."

நான் குனிந்து பார்த்தேன். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. சில நாள் கழித்து மறுபடி சொன்னாய். கேபிளை மாற்றினேன். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்துப் பழைய பதிப்பைப் போட்டேன். சிநேகிதி வீட்டிலிருந்து வேறு மானிட்டரைக் கடன் வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அதிலும் உனக்கு மின்னியது.

ஆட்டத்திலும் நீ செத்துக்கொண்டே இருந்தாய். ஒவ்வொரு முறையும் சுட்டவன் இடது பக்கம் நின்றவன். "எங்கிருந்துடி சுடுறான்?" என்று கத்துவாய். "அதோ, வாசல்லயே நிக்கிறானே, தெரியல?" என்பேன். நான் கேலி செய்வதாக நினைத்து என் தலையில் தட்டுவாய். அந்த வாரம்தான் நீ ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓரமாக நின்ற ஆட்டோவில் பைக்கை இடித்து, முழங்கை சிராய்த்து வந்தாய். "நடு ரோட்ல நிறுத்தியிருந்தான்" என்றாய். இடதுகைப் பக்கம் வைத்த தம்ளரைத் தட்டிவிட்டு, "இங்க யாரு வெச்சது?" என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தாய்.

பிறகு அந்த மத்தியானம். நீ ஆடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. திரை கறுத்தது. ஃபேன் மெல்ல நின்றது. தெருவில் குழந்தைகள் கூச்சலிட்டார்கள். நீ மட்டும் நகரவில்லை. கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"கரண்ட் போயிடுச்சு இல்ல?" என்றாய்.

"ஆமா."

"அப்புறம் ஏண்டி மின்னுது?"

கார்டு, கேபிள், மானிட்டர் என்று ஒவ்வொன்றாகக் கழித்து வந்தவள் நான். மீதி என்ன இருக்கிறது என்பது எனக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. அண்ணா, உன் முகத்தைப் பார்த்தேன். உனக்கும் தெரிந்திருந்தது.

தாம்பரத்தில் கண் டாக்டர் உன்னைத் தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு இடது பக்கம் விரலை ஆட்டினார். உனக்கு அது தெரியவில்லை. அவர் இன்னும் கிட்டே கொண்டுவந்து ஆட்டினார். நான் உன் பின்னால் நின்றிருந்தேன். அந்த விரலை உனக்குக் காட்டிவிட வேண்டும் போல இருந்தது. அவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணுல ஒண்ணும் இல்லம்மா. தலையை ஸ்கேன் எடுத்துடுங்க" என்றார். கார்டு, கேபிள் வரிசையில் கண்ணும் கழிந்தது.

மூளையின் பின்பக்கம் கட்டி என்றார்கள். அம்மா அந்த ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தையல் பிசிறைத் தேடுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் வார்டில், "நல்லா கண்டுபிடிச்சடி, பெரிய இன்ஜினியர்தான்" என்று சிரித்தாய். கண்டுபிடித்ததையெல்லாம் கை வைத்துச் சரி செய்ய என்னால் முடிந்திருந்தது, அதுவரை.

கட்டி முழுவதையும் எடுக்க முடியவில்லை. தலையில் கட்டோடு வீட்டுக்கு வந்தாய். மழை தொடங்கியபோது மிச்சப் பார்வையும் போய்விட்டது. காலையில் வெயில் முகத்தில் விழுந்தால் மட்டும் "விடிஞ்சிடுச்சா?" என்பாய். ஒரு நாள் கட்டிலைக் கம்ப்யூட்டர் பக்கம் நகர்த்தச் சொன்னாய்.

"நீ ஆடு. எனக்குச் சொல்லு."

எனக்கு அந்த ஆட்டமே பிடிக்காது. ஆனாலும் ஆடினேன். கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னேன். "தெரு. முன்னாடி இடிஞ்ச வீடு. ரைட்ல ஒரு லாரி எரியுது."

"லெஃப்ட்ல?"

"சுவரு."

"நல்லா பாத்துச் சொல்லுடி. அங்கதான் நிப்பான்."

பார்த்துச் சொல்வேன். வாசல் என்பேன், ஜன்னல் என்பேன், ஒருத்தன் நிக்கிறான் என்பேன். "போடு" என்பாய், போடுவேன். அம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். வர வர உன் பேச்சு குழறியது. கடைசி நாட்களில் "லெஃப்ட்ல?" என்ற ஒரு வார்த்தைதான் தெளிவாக வந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிடுவாய். நீ தூங்கியது தெரிந்தும் நான் சொல்லிக்கொண்டே ஆடுவேன். அப்படியொரு மத்தியானம் நீ எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன அன்று, அம்மா முன்னறைக்கு வந்து நின்றாள். "அதைப் போட்டு விடுடி" என்றாள். ஆட்டத்தைப் போடவா என்று கேட்டேன். "வேணாம். சும்மா ஓடட்டும். அந்தச் சத்தம் மட்டும் இருக்கட்டும்." போட்டுவிட்டேன். நானும் அம்மாவும் தரையில் உட்கார்ந்து அந்த விசிறிகள் சுற்றுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அடுப்பு மூட்டவில்லை.

அந்த வீட்டை இப்போது இடித்து ஃபிளாட் கட்டிவிட்டார்கள். அம்மா என்னோடு மேடவாக்கத்தில் இருக்கிறாள். உன்னைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. ஆனால் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகும்போது என் வாய் தானாகப் பேசத் தொடங்கிவிடுகிறது. முன்னாடி பஸ். ரைட்ல தண்ணி லாரி. ஒரு அம்மா ரோட்டைத் தாண்டுறாங்க. சிக்னலில் பக்கத்தில் நிற்பவர்கள் நான் போனில் பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும்.

இடது பக்கத்தை மட்டும் இரண்டு முறை சொல்கிறேன்.