எட்டுக் கோப்பைத் தண்ணீர்

இன்று காலை மருத்துவமாது வந்து பிள்ளைக் காம்பிராவின் சுவரில் ஒரு புதுப் படம் ஒட்டிவிட்டுப் போனாள். மலச்சிக்கலைத் தவிர்ப்பது எப்படி என்று மேலே பெரிய எழுத்து. கீழே வெட்டிய பப்பாசி, ஒரு கட்டுக் கீரை, ஒரு கோப்பைத் தண்ணீர். நாளொன்றுக்கு எட்டுக் கோப்பை குடிக்க வேண்டுமாம். பசை காயாத அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு உன்மேல் கோபம் வந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் முதலில் வருவது கோபம்தான்.

தெரணியகலைக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு நாம் இருவரும் ஒரே வருஷத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தோம். லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துப் பக்கத்துக் காம்பிரா. நீ கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாய். நான் கொஞ்சம் படித்தவள் என்பதால், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக் காம்பிராவில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. கேகாலையில் ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே தந்த சுகாதாரப் புத்தகத்தோடு திரும்பி வந்தவள், எல்லாருக்கும் புத்தி சொல்லத் தொடங்கினேன். அதிகம் கேட்டுக்கொண்டவள் நீதான்.

“நாலு நாளா வெளிக்குப் போகல புள்ள. வயிறு கல்லு மாதிரி கெடக்கு” என்று முதல் தடவை நீ சொன்னபோது எனக்கு உற்சாகம்கூட வந்தது. புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கமே இருந்தது. காலையும் ராத்திரியும் கோதுமை ரொட்டியும் கட்டைச் சம்பலும் தின்றால் வேறு என்ன ஆகும் என்று உன்னைத் திட்டினேன். ரொட்டி மாவில் முருங்கைக் கீரையைக் கிள்ளிப் போட்டுப் பிசையச் சொன்னேன். பிள்ளைக் காம்பிராவுக்குப் பின்னால் பழுத்த பப்பாசியை உனக்காகவே அறுத்து வைத்தேன். உலர்ந்த திராட்சையை இரவில் ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரோடு சாப்பிடச் சொன்னேன். கங்குன் கீரை, வல்லாரை, தவிட்டோடு சிவப்பரிசிச் சோறு, எழுந்ததும் ஒரு செம்பு வெந்நீர். ஒன்றும் கேட்காதபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்கெண்ணெய் கொடுத்தேன். அன்று ஒரு நாள் சரியானது. புதன்கிழமை மறுபடியும் அதே முகம்.

“தண்ணி குடிக்கிறியா?”

“குடிக்கிறேன், குடிக்கிறேன்.”

பொய். எட்டு வருஷம் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே அந்தப் பொய்யைச் சொன்னாய். கேட்ட எனக்குக்கூட அதற்கு மேல் ஒரு கேள்வி தோன்றவில்லை.

பிறகு ரத்தம் போகத் தொடங்கியது. அதையும் நீயாகச் சொல்லவில்லை. துணி துவைக்கும் பீலியில் உன் பாவாடையைப் பார்த்து நானாகக் கண்டுபிடித்தேன். “மூலச்சூடுதான், விடு” என்றாய். விடவில்லை. இழுத்துக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர் நோனா, சிங்களப் பெண், அவசரமே இல்லாமல் உன்னை உட்காரவைத்துக் கேட்டாள். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்? காலையில் ஒரு தேத்தண்ணி, சாயங்காலம் ஒரு தேத்தண்ணி என்றாய். ஏன் என்றாள். அந்த ‘ஏன்’ எனக்கு எட்டு வருஷமாக வாயில் வராத சொல்.

சிங்களத்தில் நீ மளமளவென்று சொன்னாய். லயத்துக் கக்கூஸ் ஆறு குடும்பத்துக்கு ஒன்று. மண் சரிந்ததில் கதவு போய் இப்போது சாக்குத்தான் தொங்குகிறது. விடியும் முன்னே ஆம்பளைகள் வரிசை. தன் முறை வருவதற்குள் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, கூப்பிட்டுவிடுவார்கள், போகாவிட்டால் அன்றைய வேலை இல்லை. மலையில் மேலே கங்காணி நிற்பார், கீழே ரோட்டு. அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. வந்தாலும் அடக்கிக்கொள்வது. இப்போது வருவதே இல்லை.

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தாள். தண்ணீர் குடிக்காமல் கீரையும் தவிடும் மட்டும் தின்றால் இன்னும் இறுகித்தான் போகும், அடக்க அடக்கக் குடலுக்கு அந்த உணர்வே மறந்துபோகும் என்றாள். என் கீரை ரொட்டியெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

பஸ்ஸில் வரும்போது உன்மேல் பாய்ந்தேன். “ஏன்டி, பிள்ளைக் காம்பிராவுல ஒரு கக்கூஸ் இருக்கு, சாவி என் இடுப்புல தொங்குது. ஒரு வார்த்த கேட்டா என்ன?”

நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாய். “கேட்டேன்ல. நீ வேலைக்கு வந்த புதுசுல. புள்ளைங்களுக்கும் ஸ்டாப்புக்கும் மட்டுந்தான்னு தொரை சொல்லியிருக்காருன்னு சொன்ன.”

எனக்கு அது ஞாபகமே இல்லை. இன்றுவரை இல்லை.

“அப்புறம் மறுபடி கேக்கிறதுக்கு என்ன?”

“உன் வேலை போச்சுன்னா? அதான் கேக்கல.”

மறுநாளிலிருந்து தினமும் காலையில் சாவியை உன்னிடம் கொடுத்தேன். பப்பாசி அதே பப்பாசிதான், திராட்சை அதே திராட்சைதான். காலையில் ஒரு செம்பு வெந்நீரைக் குடித்துவிட்டு, பெரட்டுக்கு முன்னால் கால்மணி நேரம் தாழ்ப்பாள் போட்ட கதவுக்குள்ளே நிம்மதியாக உட்கார்ந்தாய். பத்துப் பதினைந்து நாளில் உடம்பு வழிக்கு வந்தது. மலைக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோன முதல் நாள், “இப்படி ஒரு சுகம் இருக்குன்னே மறந்துபோச்சு புள்ள” என்று வாசலில் நின்று சிரித்தாய்.

மற்றப் பெண்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒவ்வொருத்தியாக வந்து சாவி கேட்டார்கள், கொடுத்தேன். ஒரே மாதத்தில் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா வந்து என்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு போனார். அன்று மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்தில், தோட்டத்து மானேஜர் துரை நிற்கும்போதே, நீ கூடையைத் தராசில் வைக்காமல் தரையில் வைத்தாய். “ஐயா, நாங்க தண்ணி குடிக்கிறதா வேணாமா? அத மட்டும் சொல்லுங்க” என்றாய். பின்னால் நின்ற பெண்களும் கூடைகளைக் கீழே வைத்தார்கள். சாவி என்னிடம் திரும்பியது. மேல்மலையில் பெண்களுக்கு இரண்டு கக்கூஸ் கட்டித்தருவதாக துரை சொன்னார். சுவர் முழங்கால் உயரம் வந்தது. அந்தத் துரை மாறிப் போனார். சுவர் இன்னும் முழங்கால் உயரம்தான்.

அத்தனை பேர் முன்னால் அப்படிக் கேட்ட நீ, போன மழையில் காய்ச்சல் வந்தபோது பழையபடி வாயை மூடிக்கொண்டாய். “சும்மா மேல்வலி” என்றாய். இரண்டு நாளாக ஒன்றுக்குப் போகவில்லை என்பதை மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் சொன்னாய். எலிக்காய்ச்சல், சிறுநீரகம் போய்விட்டது, நேரத்தோடு கொண்டுவந்திருக்கலாம் என்றார்கள். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நான் இருந்தேன். சுவரைத் தட்டியிருந்தால் வந்திருப்பேன். நானும் “மேல்வலிதானே” என்று விட்டுவிட்டேன். உன்மேல் வரும் கோபத்தில் பாதி என்மேல்தான் என்று எனக்குத் தெரியும்.

இப்போது யாராவது வயிறு கட்டிக்கொண்டது என்று வந்தால் எடுத்த எடுப்பில் பப்பாசியைச் சொல்வதில்லை. “காலையில எங்க போற? உனக்கு முன்னால எத்தன பேரு நிக்கிறாங்க?” என்று கேட்கிறேன். சிலர் சொல்கிறார்கள். சிலர் உன்னைப் போலவே, “அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா” என்று சிரித்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். நான் பிள்ளைகளை எனக்கு உதவிக்கு இருக்கும் ஆயாவிடம் விட்டுவிட்டு, அவர்கள் பின்னாலேயே மலையேறிப் போய், இன்னொரு தடவை கேட்கிறேன்.