கடைசி பெஞ்சில் உட்கார்ந்த மேடத்துக்கு

மேடம்,

இன்று துறைத்தலைவர் வகுப்பைப் பார்வையிட்டு எழுதும் படிவம் ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். புதிதாகச் சேர்ந்தவருக்கு வழிகாட்டும் மென்டர் என்ற இடத்தில் என் பெயர். பார்த்ததும் உங்கள் நினைவு வந்தது.

திண்டிவனத்தில் இந்தக் கல்லூரிக்கு வந்தபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்தவன். என்னைவிட ஒன்பது வயது சின்னவரான உங்களை எனக்கு மென்டராகப் போட்டார்கள். நான் பாடம் நடத்தும்போது நீங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவீர்கள். எழுதிக்கொண்டே இருப்பீர்கள். எனக்கோ ஓராண்டு ஒப்பந்தம். ஏப்ரலில் நீட்டிக்காவிட்டால் அந்த வயதில் எங்கே போவது? உங்கள் சொந்தக்காரர் யாருக்கோ என் இடத்தைப் பிடித்து வைக்கிறீர்கள் என்றே முடிவு கட்டினேன்.

அதனால் ஒரு வேலை செய்தேன். நீங்கள் வரும் நாளுக்கு முந்தின நாளே நான்கு மாணவிகளிடம் கேள்வியையும் பதிலையும் கொடுத்துவைத்தேன். அதில் ஒருத்தி, நான் கேட்பதற்கு முன்பே எழுந்து பதிலைச் சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்தது. நீங்கள் மட்டும் குனிந்து எழுதினீர்கள்.

வெளியே வந்ததும், "இனிமே நான் உள்ள வரலை சார். எதுக்குப் பேஜார் பண்ணிக்கினு? நீங்க பாட்டுக்கு எடுங்க" என்றீர்கள். எனக்கு அது மிரட்டலாகப் பட்டது. நீங்கள் போட்டுக்கொடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். மாணவர்கள் முன்னால் என்னை மட்டம் தட்டுகிறீர்கள் என்று முதல்வரிடம் சொன்னேன். அந்த வாரமே உங்களை மென்டர் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். யார் சொன்னது என்று அவர்கள் உங்களிடம் சொல்லவில்லை.

ஏப்ரலில் என் ஒப்பந்தம் நீண்டது. "அந்தம்மா எழுதிக் குடுத்ததாலதான் சார்" என்று துறைத்தலைவர் உங்கள் குறிப்பைக் காட்டினார். பொறுப்பைப் பிடுங்கிய பிறகு எழுதியது. 'ஆள் உட்கார்ந்தால் பயப்படுகிறார். சன்னலுக்கு வெளியே நின்று நான்கு வகுப்பு கேட்டேன். நன்றாக நடத்துகிறார். விட்டுவிடாதீர்கள்.' அப்போதும் என் புத்தி, ஒளிந்து நின்றா கேட்டார் என்றுதான் போனது. வெட்கம் அப்புறம்தான் வந்தது.

விழுப்புரம் மருத்துவமனையில் உங்களைக் கடைசியாகப் பார்த்த அன்று, பேச்சோடு பேச்சாக, "அன்னிக்கு பிரின்சிபால் கிட்ட போய் சொன்னது யாரு சார்? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டீர்கள்.

"தெரியலையே மேடம்."

"சரி உடுங்க. யாரா இருந்தா இன்னா. ஜல்தியா கெளம்புங்க, பஸ்ஸு போய்டும்" என்று சிரித்தீர்கள். அடுத்த வாரம் நீங்களே போய்விட்டீர்கள்.

தெரியாமல் கேட்டீர்களா, தெரிந்தே எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தீர்களா? எல்லோர் மேலும் வந்துபோன சந்தேகங்களில் இது ஒன்றுதான் இன்னும் என்னோடு இருக்கிறது. கேட்டபோது சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

நான்தான் மேடம்.