ஏழாம் இடத்தில் உன் பெயர்

மாப்ளே செந்தில், எங்கே இருந்தாலும் கொஞ்சம் உட்கார்ந்து கேள்,

நீ போய் மூன்று மாசமாகிறது. பெரம்பலூரில் நம் கம்ப்யூட்டர் கடையை நான் ஒருவனாகத் திறந்து மூடுகிறேன். அலுப்பாக இருக்கிறதுடா.

டயாலிசிஸ் சென்டருக்கு நாம் எழுதிக் கொடுத்த, நோயாளிகளுக்கு மெசேஜ் அனுப்பும் புரோகிராம் ஞாபகம் இருக்கா? பன்னிரண்டு படுக்கை, அதனால் பன்னிரண்டே இடமுள்ள பெயர் வரிசை, ஒரு அர்ரே. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஒருவர் பெயரை எடுத்தால் அந்த இடத்தில் ‘நல்’ நிற்கும், அதாவது அங்கே ஒன்றுமில்லை. அதைப் படிக்கப் போனால் புரோகிராம் நின்றுவிடும். “எடம் எங்கடா காலியாவப் போவுது, அப்புறம் பாத்துக்கலாம்” என்று நீதான் சொன்னாய். பிறகு உன் கிட்னியே கெட்டு, ஏழாம் இடத்தில் உன் பெயரை நீயே டைப் அடித்தாய்.

உன் காரியம் முடிந்த மறுநாள் நர்ஸ் அக்கா உன் பெயரை எடுத்தார். புரோகிராம் ஏழில் நின்றது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை யாருக்கும் ‘நாளை வாங்க’ மெசேஜ் போகவில்லை. காலியாக இருந்தால் தாண்டிப் போ என்று இரண்டு வரி எழுதினால் போதும். எனக்கு மனசு வரவில்லை. உன் பெயரையே திரும்பப் போட்டுவிட்டு, அடுத்த வாரம் சரி செய்கிறேன் என்றேன். அக்கா கேட்கும்போதெல்லாம் இன்னொரு வாரம் கேட்டேன்.

நேற்று உன் மனைவி மலர் போன் பண்ணினாள்.

“அண்ணே, அவரு போனுக்கு இன்னும் மெசேஜ் வருது. காலைல ஆறு மணிக்கு வரச் சொல்லுது.”

“ரெண்டு நாள்ல நிறுத்திடுறேம்மா.”

“அது கெடக்கட்டும்ணே. அந்தப் படுக்கை சும்மாவா கெடக்கு? எடம் இல்லாம நாங்க திருச்சிக்கு அலைஞ்சது மறந்துடுச்சா?”

போனை வைத்த கையோடு கடையைப் பூட்டினேன். சென்டருக்குப் போய் விசாரித்தேன். பூலாம்பாடியிலிருந்து ஒரு அம்மா வாரம் இரண்டு முறை திருச்சிக்குப் பஸ் ஏறுகிறாராம், இங்கே பட்டியல் நிறைந்திருக்கிறது என்று. நிறைத்து வைத்திருந்தவன் நான். வெட்கமாக இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து அந்த இரண்டு வரியை எழுதினேன். உன் பெயரை எடுத்தேன். எட்டாம் ஆளுக்கு மெசேஜ் போனது. நீ இல்லாமலும் ஓடுகிறதுடா, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. புதன்கிழமை அந்த அம்மா வருகிறார். நீ சண்டை போட்டு வாங்கிய ஜன்னலோரப் படுக்கை. கோபமா உனக்கு?

இனி யார் போனாலும் அன்றைக்கே காலி என்று எழுதிவிடுவேன் மாப்ளே, சத்தியம். என் போனில் இருக்கும் உன் நம்பரை மட்டும் எடுக்க மாட்டேன். அந்த இடத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை.

உன் மச்சான்,
இளங்கோ