துடைத்துவிட்ட நான்கு எண்கள்

எதிர்க்கடைக்குப் புதிதாகப் பெயர்ப்பலகை எழுதுகிறார்கள். காலையில் கடையைத் திறந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் பொருத்தி, தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவரின் கடிகாரத்தைப் பிரித்து வைத்திருந்தேன். வார்னிஷ் வாசம் வந்தது. எழுந்துவிட்டேன். கடைக்கு வெளியே போனேன், உள்ளே வந்தேன், மறுபடி வெளியே போனேன். ஏணிமேல் நின்றிருந்தவன் திரும்பிப் பார்த்து, "என்னாங்க, எதாச்சும் வேணுங்களா?" என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்றேன். கடிகாரம் இன்னும் பிரித்தபடியே கிடக்கிறது. இந்தக் கடிதத்தை மூன்று முறை தொடங்கிக் கிழித்தாகிவிட்டது.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இதற்குள் உனக்கு நான் எழுதியிருக்க வேண்டும்.

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது என்பது தர்மபுரிக் கடைவீதி முழுக்கத் தெரிந்த சங்கதி. இப்படிப்பட்டவன் எப்படி வாட்ச் ரிப்பேர்க்காரன் ஆனான் என்று நீ கேட்காத நாள் கிடையாது. நீ அதற்கு நேர் எதிர். பலகைமுன் உட்கார்ந்தால் பகல் சாயும்வரை அசைய மாட்டாய். மாட்டு வண்டியில் பெயர் எழுதுவாய், கடைப் பலகை எழுதுவாய், கோயில் வாகனங்களுக்குக் கண் எழுதுவாய். உன் வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ். ஒன்றை வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டால் மட்டும் உனக்குத் தமிழ் வராது. "பேடப்பா" என்பாய். அதற்குமேல் பேச்சு கிடையாது.

ஜப்பான் சண்டைக் காலத்தில்தான் அந்த அம்மா வந்தார். பென்னாகரத்துக்கு அப்பால் ஏதோ ஊர். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு பஸ் ஓடிய நாட்கள் அவை. முகத்தில் கரித்தூளோடு வந்து நின்று, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கைக்கடிகாரம் ஒன்றை எடுத்து வைத்தார்.

"எம் பையனோடதுங்க. பட்டாளத்துல லாரி ஓட்டறான். லீவுல வந்தப்ப ஒகேனக்கல்லுல பரிசல் சாஞ்சு தண்ணி பூந்துருச்சு. ரிப்பேர் பண்ணி வையி, வந்து கட்டிக்கறேன்னு சொல்லிட்டுப் போனான்."

"எங்க இருக்காருங்க இப்ப?"

"பர்மாவுக்குப் போனான். காணலைன்னு காயிதம் வந்துச்சு. காணலைன்னுதானுங்களே எழுதியிருக்குது?" என்றார். நான் தலையாட்டினேன். "அப்ப வருவான். வந்து கேப்பான்."

கடிகாரம் நல்ல ஜாதி. வெள்ளிப்பூச்சு டயல் நீர்பட்டு மஞ்சளாகியிருந்தது. பன்னிரண்டுக்குப் பக்கத்தில் துவரம்பருப்பு அளவில் ஒரு துருப்பொட்டு. எண்கள் வெளுத்துப் பழுப்பாகத் தெரிந்தன. உள்ளே இருந்த துருவை எடுத்து, எண்ணெயிட்டு, இரண்டே நாளில் ஓட வைத்துவிட்டேன். அந்த அம்மா கேட்டது அவ்வளவுதான். நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. அழுக்கு டயலோடு கொடுப்பதா என்று தோன்றியது. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு டயலின் கீழ்ப்பாதியில் ஒரு முறை இழுத்தேன். பஞ்சு கறுப்பாகியது. அழுக்குதான் என்று நினைத்து இன்னொரு முறை இழுத்தேன். பிறகு பார்த்தால் நாலு இல்லை, அஞ்சு இல்லை, ஆறு இல்லை, ஏழு இல்லை. விநாடி முள்ளுக்கான சின்ன வட்டம் மட்டும், உலோகத்தில் பதித்தது என்பதால், தப்பியிருந்தது. அச்சிட்ட எண்கள் நான்கும் என் விரலில் இருந்த பஞ்சுக்கு வந்துவிட்டன.

இருபது வருஷத் தொழிலில் அப்படி எனக்கு வியர்த்ததில்லை. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. சேலத்துக்கு எழுதி, அளவு பொருந்துகிற புது டயல் ஒன்றை வரவழைத்து மாட்டினேன். பளபளவென்று இருந்தது. எனக்கே திருப்தியாகக்கூட இருந்தது என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

அந்த அம்மா வந்து கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். காதில் வைத்து ஓடும் சத்தத்தைக் கேட்டார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"இது அவன்து இல்லீங்க."

"உங்களுதுதானுங்க. உள்ள இருக்கற மெஷின் அதேதான். மூஞ்சி மட்டும் மாத்தியிருக்கேன். பழசு துருப்புடிச்சு வீணாப்போச்சுங்க."

"பழசு எங்கீங்க?"

"கெடக்குதுங்க."

"அதையே போட்டுக் குடுங்க. துரு இருந்தா இருக்கட்டும். அவன் வந்து இது என்னுது இல்லைன்னு சொல்லிட்டா நான் என்ன பண்றது?"

அடுத்த சந்தைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, பழைய டயலோடு நேராக உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். நீ ஒரு வண்டிப் பலகைக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தாய். டயலை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தாய்.

"யாரு இதத் தொடச்சது?"

"நான்தான்."

"அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீ நாலு எழுத்தையும் எழுதிக் குடுத்துட்டீன்னா தெரியவே வேண்டாம். பழசுன்னு குடுத்துருவேன்."

நீ டயலை என் உள்ளங்கையில் திருப்பி வைத்தாய். "பேடப்பா" என்றாய். "மொதல்ல அவங்ககிட்ட சொல்லு. சொன்ன பொறகு எழுதறேன்."

நான் என்னென்னவோ பேசினேன். பலகைக்கு எழுதுகிறவனுக்கு இவ்வளவு நியாயம் எதற்கு என்றேன். சேலத்தில் ஆள் இல்லையா என்றேன். நீ மஞ்சள் அடிக்கத் திரும்பிவிட்டாய். மறுநாளே பஸ் ஏறித் தொப்பூர்க் கணவாய் இறங்கிச் சேலம் போனேன். அங்கே இருந்தவர் டயலைப் பார்த்துவிட்டு, மொத்தமாகச் சுரண்டிப் புதுப்பூச்சுப் போட்டு எல்லா எண்ணையும் புதிதாக எழுதித் தருகிறேன் என்றார். துருப்பொட்டு இருக்காதே என்றேன். "அத எவன் கேக்கப்போறான்?" என்றார். அதைக் கேட்கத்தான் அந்த அம்மா இருந்தார். டயலைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். கணவாய் ஏற முடியாமல் பஸ் நின்றது, எல்லோரும் இறங்கித் தள்ளினோம். தள்ளிக்கொண்டே, சொல்ல வேண்டிய வாக்கியத்தை நூறு முறை சொல்லிப் பார்த்தேன்.

சந்தை நாளில் நீயும் வந்து என் கடைப் படியில் உட்கார்ந்துகொண்டாய். அந்த அம்மா வந்ததும் டயலை எடுத்துக் காட்டினேன். நூறு முறை சொல்லிப் பார்த்த வாக்கியம் வரவில்லை. "துருவால போகலீங்க. நான்தான் துடைச்சு அழிச்சிட்டேன்" என்றேன். "போன வாரம் பொய் சொன்னேன்."

அவர் டயலை வாங்கி வெறுமையாகக் கிடந்த இடத்தை விரலால் தடவினார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படியில் உன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "அப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்க தம்பி" என்றார். "ஒரு வாரமா நான் அந்தப் புது வாட்ச்சையே நெனச்சுக்கிட்டு, அவன் மூஞ்சியே எனக்கு மறந்துபோச்சோன்னு பயந்துக்கிட்டுக் கெடந்தேன்."

அந்த வாக்கியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. டயலைத்தான் கெடுத்தேன் என்று நினைத்திருந்தேன்.

நீ அப்போதுதான் வாயைத் திறந்தாய். "எப்பிடி இருந்துச்சு, சொல்லுங்கம்மா. நான் எழுதறேன்."

அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு எண்ணும் தெரிந்திருந்தது. உன் உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டினார். அஞ்சுக்கு நிறைமாத வயிறு மாதிரி முன்னால் தள்ளியிருக்கும் என்றார். ஆறு முழுசாக இருக்காது, சின்ன வட்டத்துக்கு மேலே தலை மட்டும் எட்டிப் பார்க்கும் என்றார். ஏழு காற்றில் சாய்ந்த சோளத்தட்டு மாதிரி என்றார். நீ ஒவ்வொன்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி, ஒரு தகர மூடியில் எழுதிக் காட்டினாய். இல்லை என்றால் அழித்தாய். ஆமாம் என்று அவர் சொல்லும்வரை எழுதினாய்.

வேலை எட்டு நாள் நடந்தது. காலை வெயில் என் மேசையில் விழுகிற நேரம் மட்டும் எழுதுவாய். அணில் வால் மயிரில் மூன்று இழைகளை வைத்துக் கட்டிய தூரிகை. விளக்குக் கரியை வார்னிஷில் குழைத்து அதில் துளி காவி சேர்த்தாய். எதற்குக் காவி என்று கேட்டேன். "மத்ததெல்லாம் வெளுத்து நிக்குது. இது நாலும் கன்னங்கரேல்னு இருந்தா ஒரு வயித்துப் புள்ளைங்க மாதிரியா இருக்கும்?" என்றாய். துருப்பொட்டையாவது லேசாக எடுத்துவிடுகிறேனே என்றதற்கு என் கையிலிருந்த இடுக்கியை வாங்கி வைத்துக்கொண்டாய்.

அந்த வருஷம்தான் உன் வலக்கை நடுங்கத் தொடங்கியிருந்தது. பலகையில் எழுதும் ஒரு சாண் எழுத்தில் அது தெரியாது. இது எள் அளவு எழுத்து. நீ இடக்கையால் வலது மணிக்கட்டை மேசையோடு அழுத்திப் பிடித்து, மூச்சை நிறுத்தி, ஒரு கோடு இழுப்பாய். பிறகு நிமிர்ந்து மூச்சு விடுவாய். ஒரு நாளைக்கு நான்கைந்து கோடுகள். நான் பின்னால் நடந்துகொண்டே இருப்பேன். "பலகை ஆடுது. நீ வெளிய போயி நட" என்று விரட்டுவாய். பஸ் நிற்குமிடம்வரை போய்த் திரும்புவேன். எட்டிப் பார்ப்பேன். மறுபடி போவேன். ஏழில் கை உதறிக் கோடு தடம் மாறியது. நான் பார்த்துவிட்டேன். நீ ஸ்பிரிட்டைத் தேடவில்லை. கருவேல முள் ஒன்றின் நுனியால், காய்வதற்குள், அந்தக் கோட்டை மட்டும் தூசு தூசாக எடுத்தாய். அன்று அதற்குமேல் எழுதவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, கையைத் தொங்கப்போட்டபடி வீட்டுக்குப் போனாய்.

வேலை முடிந்ததும் அந்த அம்மா வந்தார். கடிகாரத்தை வெயிலில் பிடித்தார். துருப்பொட்டைத் தொட்டார். கண்ணாடிக்கு மேலேயே ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்தார்.

"ஏழு கொஞ்சம் நேரா நிக்குதுங்க" என்றார்.

"ஆமாங்கம்மா" என்றாய் நீ.

"பரவாயில்லீங்க. இது அவன்துதான்."

முந்தானையில் முடிந்துகொண்டு போனார். நீ போய் இரண்டு காபி வாங்கி வந்தாய்.

சண்டை முடிந்து ஒரு வருஷம் கழித்து மகன் வந்துவிட்டான். ஜப்பான்காரனிடம் கைதியாக இருந்து, பாதி உடம்போடு வந்தான். சொல்வதற்காகவே அந்த அம்மா பஸ் ஏறி வந்தார். சோளப்பொரி கொண்டுவந்தார். வாட்ச்சைப் பார்த்து மகன் என்ன சொன்னான் என்று நான்தான் அவசரப்பட்டுக் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கி, "ஒண்ணுமே சொல்லலீங்க" என்றார். "வாங்கிக் கட்டிக்கிட்டான். ஒரு மாசம் கட்டியிருந்தான். தொப்பூருல ஒரு லாரிக்காரனுக்கு வித்துட்டு வந்துட்டான். பட்டாளத்து நெனப்பே வேண்டாம்ங்கறான்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவர் போன பிறகு கத்தினேன். எட்டு நாள், ஒவ்வொரு கோடாக எழுதினாயே, அதைப் போய் விற்றானே என்று. நீ சோளப்பொரியை மென்றுகொண்டே சிரித்தாய். "வாட்ச்ச விக்கறதுக்கு ஆளு வந்து சேந்துட்டானில்ல?" என்றாய். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. அப்புறம் எத்தனை முறை தொப்பூர் போனேன், டீக்கடைகளில் உட்கார்ந்து எத்தனை லாரிக்காரர்களின் மணிக்கட்டைப் பார்த்தேன் என்பது உனக்குத் தெரியும். கடிகாரம் கிடைக்கவில்லை. நீ ஒரு முறைகூட அதைத் தேடவில்லை.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். இதற்குத்தான் மூன்று காகிதம் கிழித்தேன்.

உனக்கு விஷக்காய்ச்சல் கண்டு மூன்று வாரம் கிடந்தாய். நான் ஒரு நாள்கூட வரவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் போயிருப்பாய். உன் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். கடையில் வேலை நெருக்கடி என்று அவர்களிடம் சொல்லிவைத்தேன். அது பொய். நான் வந்தேன். நீ காய்ச்சலில் கிடந்தபோது இரண்டு முறை உன் தெருவுக்கு வந்தேன். முதல் முறை வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். சன்னல் வழியாக உன் கை தெரிந்தது. போர்வைக்கு வெளியே கிடந்தது. காய்ச்சல் வேகத்தில் தூரிகை பிடிக்கிற மாதிரி விரல்களைக் குவித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. என்னால் உள்ளே வர முடியவில்லை. திரும்பிக் கடைவீதி முழுக்க நடந்தேன். இரண்டாம் முறை தெருமுனை வரைதான் வந்தேன். மூன்றாம் முறை வந்தபோது வாசலில் கூட்டம் நின்றிருந்தது.

நாளை காலை உன் மனைவியைப் பார்க்கப் போகிறேன். வேலை நெருக்கடி இல்லை, பயந்துபோய்த் திரும்பினேன் என்று சொல்லப்போகிறேன். இந்த முறை யாரும் வந்து என் பக்கத்தில் உட்காரப் போவதில்லை. இப்போதே இரண்டு தடவை எழுந்து நடந்துவிட்டேன். ஆனாலும் போவேன்.