தெளிந்து வந்த தண்ணீர்

1941 ஏப்ரல் 6, ஞாயிறு

கேழ்வரகு மாவு தீர்ந்துவிட்டது. மாமியாருக்குப் பல்வலி. நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தின் கூரையை வேய்ந்து தருகிறேன் என்று போனவனை ஆளையே காணோம். வரட்டும், நான் கேட்கிற கேள்வியில் ஓட்டம் பிடிப்பான்.

மேட்டூர் அணைத் தண்ணீர் என்றும் இல்லாதபடி இறங்கியிருக்கிறது. அணை கட்டியபோது முழுகிப்போன என் புகுந்த வீட்டாரின் பழைய ஊரும், அந்த ஊருக்கு முன்னாலேயே இடிந்து கிடந்த கோட்டைத்திட்டும் வெளியே தெரிகின்றன. சாப்பிட உட்கார்ந்த என் வீட்டுக்காரர் பச்சியப்பன், பாதிக் களியில் கை கழுவிவிட்டுக் கரைக்கு ஓடினார்.

ஏப்ரல் 9

பரிசலில் இரண்டு மூங்கிலை நட்டு, என் கெட்டிப் போர்வையைப் பாயாகக் கட்டியிருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டாரா? காவேரியில் பரிசல் ஓட்டிய காலத்தில் பாய் கட்டியவர் யாரும் இல்லையாம். இப்போது இது ஆறா என்ன, கடல் மாதிரி அல்லவா கிடக்கிறது. திட்டுக்குப் போகும்போது துடுப்பு, வரும்போது மேல்காற்று.

“அண்ணி, அண்ணன் கப்பல்காரரு ஆயிட்டாரு. இனி சீமைக்குத்தான்” என்று கொழுந்தன் மல்லையன் சிரித்தான். போர்வை போனது எனக்கல்லவா!

ஏப்ரல் 13

எதற்கு இந்தக் கூத்து என்று இன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

“வேடியப்பனத் தேடப் போறேன், ராணி.”

வேடியப்பன் என்பது கோட்டைச் சண்டையில் வில்லோடு செத்தவன் ஒருவனுக்கு நட்ட கல். இவர்கள் வீட்டுக் குலசாமி அதுதான். ஊரைக் காலி செய்த அவசரத்தில் அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

“அவர முழுக வுட்டுட்டு வந்தோம். அதான் நம்ம ரெண்டு புள்ளைங்களும் தங்கல. இதுக்காச்சும் பூசை போட்றணும்.”

இது என்றால் என் வயிற்றில் இருப்பது. ஐந்தாம் மாதம். அந்த இரண்டும் காய்ச்சலில் போனவை, கல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கத்தத்தான் வாய் வந்தது. கத்தவில்லை. இதற்கும் ஏதாவது ஆகிவிட்டால்? கோபத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது.

ஏப்ரல் 27

நானும் போனேன். மாமியார் குள்ளம்மாள், “மாசமா இருக்கறவ தண்ணி மேல போவாளா” என்று வாசல்வரை வந்து திட்டினார். போகாமல் இருந்திருக்கலாம்.

திட்டில் இறங்கியதுமே அழுகல் நாற்றம். வண்டல் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கிறது. புளியமரங்கள் கரிக்கட்டையாக நிற்கின்றன, ஒரு காக்காய்கூட உட்காரவில்லை. கோட்டைச் சுவரில் ஆள் உயரக் கற்கள். அதைத் தாண்டி இடுப்பளவு சேற்றில் புதைந்த தூண் மண்டபம். ஒரு தூணில் மீன் செதுக்கியிருந்தது, அதன் கண்ணில் நத்தை ஒட்டியிருந்தது. என் கால் இடறியதைப் பார்த்தால் யார் வீட்டு ஆட்டுக்கல்லோ.

அண்ணனும் தம்பியும் பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்தார்கள். அடியில் தைத்த தோல் ஊறினால் தையல் விட்டுவிடுமாம், போன இடத்தில் காய வைத்தே தீர வேண்டுமாம். அது காயும் வரை நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். வயிற்றில் குழந்தை அசையவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் உதைத்தது. இனி அந்தப் பக்கம் போகமாட்டேன்.

மே 18

தோண்டுகிறார்கள். கல் இல்லை.

ஜூன் 8

கிடைத்துவிட்டது. மார்பு வரை தெரிகிறதாம், வில்லும் தெரிகிறதாம். சொல்லும்போதே குழந்தை மாதிரி அழுதார். சரி, ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டு வந்து சேருங்கள் என்றேன்.

“காலு தெரியாத சாமிக்குப் பூசை போடுவாங்களா? அடி வரைக்கும் எடுக்கணும்.”

ஜூன் 15

துவைக்கிற கல்லில் பாதி தண்ணீருக்குள் போயிருக்கிறது. போன வாரம் அதன் கீழே நின்று துவைத்தவள் நான். இவரிடம் சொன்னேன். சிரிக்கிறார்!

“நீ கம்பைநல்லூர்க்காரி, கெணத்துத் தண்ணி பாத்தவ. புதுத்தண்ணி செவப்பா வரும், நொரை தள்ளும், மூங்கி எலை மெதந்து வரும், எரைச்சல் கேக்கும். இது தெளிஞ்சு கெடக்குது பாரு.”

மாமியாரும் அதையேதான் சொல்கிறார். மல்லையனும் அதையேதான். ஆற்றங்கரையில் பிறந்தவர்கள் எல்லாரும் ஒரே பேச்சு. இங்கே ஒரு பொட்டு மழை இல்லை என்பதும் உண்மைதான். அப்படியானால் கல் எப்படி முழுகும்? நான் என்ன குருடியா?

ஜூன் 19

நேற்று தண்ணீர் விளிம்பில் நான் நட்ட குச்சி இன்று தண்ணீருக்குள் நிற்கிறது. தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது, சத்தமே இல்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். முகம் கொஞ்சம் மாறியது.

“காத்து தள்ளியிருக்கும். பாதந்தான் பாக்கி. ஞாயித்துக்கெழம முடிச்சிட்டு வந்துர்றேன். அப்பறம் நீ சொல்றபடி கேக்கறேன், போதுமா?”

ஜூன் 22, ஞாயிறு

மல்லையன் பென்னாகரம் போய்விட்டான். இவர் கற்பூரமும் தேங்காயும் எடுத்துக்கொண்டு தனியாகப் போயிருக்கிறார். காற்று வலுத்திருக்கிறது. நான்கு தடவை கரைக்குப் போய் வந்துவிட்டேன்.

சாயங்காலம். பரிசல் வந்தது. கவிழ்ந்தபடி, தானாகவே காற்றில். கூட யாரும் இல்லை. வந்திருப்பார், பின்னால் வந்திருப்பார் என்று... ஐயோ மாமா, வந்துருங்க.

ஜூன் 24

கிடைத்தார்.

ஜூலை 13

மல்லையன் இன்றுதான் எனக்கெதிரே உட்கார்ந்தான். குடகில் பெய்த மழையில் அணைத் தண்ணீர் ஓசையில்லாமல் ஏறி, காயப்போட்ட பரிசலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அவர் குழிக்குள் இருந்திருக்கிறார். ஏறி வந்தபோது பரிசல் எட்டாத தூரத்தில் இருந்திருக்கும்.

“பாதிக்கு மேல நீந்திட்டாரு அண்ணி. ஆத்துல ஒடம்ப வுட்டாப் போதும், அது இழுத்துட்டுப் போயிக் கரையில சேத்துடும். இந்தத் தண்ணி எங்கயும் இழுக்கல.”

இப்போது இரைச்சல் கேட்கிறது. சிவப்பாகவும் வருகிறது. பார்த்தீர்களா, வந்துவிட்டது உங்கள் புதுத்தண்ணீர்.

செப்டம்பர் 2

பெண். நன்றாக அழுகிறாள். பால் குடிக்கிறாள்.

அக்டோபர் 19

மாமியார் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, “வேடியப்பன் ஒண்ண எடுத்துக்கிட்டு ஒண்ணக் குடுத்தாரு” என்றார். கையில் இருந்த சொம்பைச் சுவரில் வீசிவிட்டேன். யார் கேட்டது இந்தப் பண்டமாற்று? பிறகு இரண்டு பேரும் அழுதோம். அவருக்கும் பிள்ளைதானே போனது.

1942 ஏப்ரல் 26

தண்ணீர் இறங்கித் திட்டு மறுபடி தெரிகிறது. ஊர்க்காரர்கள் அந்தத் திட்டிலேயே இவருக்கும் கல் நட்டுவிட்டார்கள். சாமிக்காக உயிரை விட்டவராம், சாமியாகிவிட்டாராம். வீட்டுப் பக்கமாக நடுங்கள், குழந்தை பார்க்கட்டும் என்று கேட்டேன். உசிரு போன பக்கந்தான் கல்லு நிக்கணும் என்று ஒரே பிடிவாதம். கையில் துடுப்பு செதுக்கியிருக்கிறார்கள். மூக்கு கொஞ்சம்கூட இவர் மாதிரி இல்லை. எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். நான் கும்பிடவில்லை. அந்தக் கல்லின் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றேன், வெயிலில் சூடாக இருந்தது.

அப்போதுதான் உறைத்தது, ஆடி வந்தால் இதுவும் முழுகும்.

ஜூன் 7

மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி ஊரே மழை கேட்டது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் கேட்டேன். இங்கே பெய்யட்டும், கேழ்வரகு முளைக்கட்டும். குடகில் பெய்ய வேண்டாம்.

குடகில் பெய்தால்தான் அணை நிரம்பும் என்றும், தஞ்சாவூர் வரைக்கும் அதை நம்பித்தான் நாற்று விடுகிறார்கள் என்றும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். தெரியாமல் கேட்கவில்லை. இந்த ஒரு வருஷமாவது அவர் காய்ந்த மண்ணில் நிற்கட்டும்.