இரண்டு துண்டும் உங்களுக்கே

அதுவும் ஒன்றல்ல, இரண்டு துண்டு, மதினி. உங்கள் மருமகள் அவற்றைத் துவைத்துக் கொடியில் அடுத்தடுத்துக் காயப்போட்டிருக்கிறாள். காலையில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால் அதுதான் கண்ணில் படுகிறது. செத்தவர் மேல் பொறாமைப்படலாமா என்று மாரியம்மனிடமே கேட்டுவிட்டேன்.

நீங்கள் போன அன்று உங்கள் கட்சிக்காரர்கள் தங்கள் துண்டை உங்கள் மேல் போர்த்தினார்கள். அது முறை. கொஞ்ச நேரத்தில் எங்கள் கட்சியின் யூனியன் சேர்மன் வந்து எங்கள் துண்டையும் போர்த்தினார்.

"இவுக எங்க ஆளுய்யா" என்று உங்கள் ஆட்கள் முறைத்தார்கள்.

"கடைசியில எங்கிட்டு இருந்தாகன்னு ஊருக்கே தெரியும்" என்றார் சேர்மன்.

எத்தனை வருஷமாக அந்தக் கட்சிக்குக் கொடி பிடிக்கிறேன். நான் போகும்போது எனக்கு ஒன்றாவது கிடைக்குமோ என்னவோ.

எல்லாம் அந்தச் சேலையால் வந்தது. நாம் இருவருமே வார்டு மெம்பர்கள். பஞ்சாயத்துத் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது என்பார்கள், ஆனால் யார் எந்தக் கட்சி என்று டீக்கடை பெஞ்சுக்குக்கூடத் தெரியும். நம் இரண்டு தெருவுக்கும் குடிதண்ணீர்க் குழாய் கேட்டு யூனியன் ஆபீசுக்குக் கிளம்பினோம். கீரமங்கலம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மினி பஸ் உங்கள் மேல் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. மதியம் எங்கள் கட்சிக் கூட்டம் இருந்ததால், கட்சிக் கரை போட்ட சேலை ஒன்று என் பையில் இருந்தது. பக்கத்துத் தையல் கடையில் ஒதுங்கி அதைக் கட்டிக்கொண்டு வந்தீர்கள்.

"எனக்கு எப்புடி இருக்கு ஆத்தா?"

என்னைவிட உங்களுக்குத்தான் எடுப்பாக இருந்தது. எனக்கு அங்கேயே மனசு கருகிவிட்டது.

உங்களைப் பார்த்ததும் சேர்மன் நாற்காலியை விட்டு எழுந்தார். "வாங்கம்மா, இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?"

"அய்யோ, சேலை இவுகளுதுங்க. சேறு பட்டுருச்சுன்னு கட்டியிருக்கேன்."

"யாரு சேலையா இருந்தா என்னம்மா, கட்டியிருக்கது நீங்கதானே" என்று சிரித்தார்.

அதுவரை "பாக்கலாம், பாக்கலாம்" என்று நம்மை அலையவிட்ட இன்ஜினியர், தன் கையாலேயே உங்களுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "இவுக தெருவுக்கும் சேத்துப் போட்டுருங்க" என்று நீங்கள் சொல்லத்தான் செய்தீர்கள். சேர்மன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அக்கா நம்ம ஆளு. அவுக எங்க போயிரப் போறாக? அடுத்த தடவ பாத்துக்குவோம்."

அந்த வருஷமே உங்கள் தெருவுக்குக் குழாய் வந்துவிட்டது. அடுத்த தடவை இன்னும் வரவில்லை.

நார்த்தாமலையில் பால்குடம் எடுத்தபோதுகூட, 'அவுகளுக்குக் குடுத்தியே, எனக்கு ஏன் குடுக்கல' என்றுதான் அம்மனிடம் முறையிட்டேன். உங்களிடம் அதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

"அடுத்த தடவ எங்க கட்சிச் சேலையக் கட்டிக்கிட்டுப் போ ஆத்தா. ஒன்னயும் எந்திரிச்சுக் கும்புடுவாக."

"அதுக்குத் தாகத்துலயே கெடப்பேன்" என்றேன்.

எங்கே கிடந்தேன்? எங்கள் மேலத்தெருப் பெண்கள் எல்லாரும் உங்கள் தெருக் கடைசிக் குழாயில்தான் பிடிக்கிறோம். இடுப்பில் குடத்தோடு உங்கள் வாசலைத் தாண்டும்போது, "ஒங்க கட்சித் தண்ணி இனிக்குதா ஆத்தா?" என்று கேட்பீர்கள். குடத்தை ஏற்றிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடப்பேன். உங்கள் தெருக்காரர்கள் பிடித்து முடித்த பிறகும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். மோட்டார் ஆபரேட்டர் டேங்க் அடியில் நின்று, "மேலத்தெரு அக்கா, கடைசிக் குடம் வச்சாச்சா?" என்று சத்தம் கொடுத்துவிட்டுத்தான் வால்வை மூடுவார்.

நீங்கள் போனதிலிருந்து, நாங்கள் போய் நிற்கும் நேரத்துக்குக் குழாயில் காற்றுதான் வருகிறது. கேட்டால் "வோல்டேஜ் இல்லக்கா" என்கிறார். மோட்டாரில் கோளாறோ, அம்மனுக்கு ஏதும் குறை வைத்துவிட்டோமோ என்று நேற்றுக்கூடக் கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு வந்தேன்.

அந்த ஆபரேட்டர் உங்கள் கட்சிக்காரர் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.